'பிட்' என்ற ஒரு சொல்: கமரான் தீவிலிருந்து 'மெடிக்கல்' வரை

சென்ற வருடம் நோன்பு முடிந்து சில நாட்களின் பின்னர் என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். உயர்தரத்தில் தமிழில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. கணவனுக்குக் கடற்றொழில், கடன் தலைக்கு மேல். குவைத்துக்குப் போகத் தீர்மானித்துவிட்டாள். "டீச்சர், வார கிழம மெடிக்கல். என்னென்ன எடுத்துட்டுப் போறண்டு செல்லுங்களே, பயமா இரிக்கி" என்றாள். இலக்கணமும் இலக்கியமும் கேட்டு வந்த பிள்ளைக்கு அன்று நான் எழுதிக் கொடுத்தது ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை எழுதும்போதுதான், அதன் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது மனதில் பட்டது.

மத்திய கிழக்குப் பயணம் பற்றி நம்மவர்கள் கவிதையும் கதையும் நிறையவே எழுதியிருக்கின்றனர். பிரிவும் கண்ணீரும் பணமும் அவற்றில் பேசப்பட்டுள்ளன. ஆனால் அந்தப் பயணத்தின் வாசற்படியாக இருக்கும் வைத்தியப் பரிசோதனை பற்றிப் பெரிதாக யாரும் பேசியதில்லை. வேலைக்கும் வணக்கத்துக்கும் கடல் கடந்த சாதாரண மனிதரின் உடம்பு எவ்வாறு, யாருக்காகச் சோதிக்கப்பட்டு வந்தது என்பதை மூன்று இடங்களை வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று செங்கடலின் கமரான் தீவு. மற்றொன்று மண்டபம் முகாம். மூன்றாவது, நம் பெண்கள் இரவு பஸ் ஏறிச் செல்லும் கொழும்பு வைத்தியப் பரிசோதனை நிலையம்.

கமரான்: ஹாஜிகளின் காத்திருப்பு

1865ஆம் ஆண்டு ஹஜ் காலத்தில் மக்காவில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கான ஹாஜிகள் மௌத்தாகினர். திரும்பிச் சென்ற பயணிகளுடன் நோய் எகிப்துக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. ஐரோப்பிய அரசுகள் கலங்கின. அடுத்த ஆண்டே, 1866இல், கொன்ஸ்தாந்திநோப்பிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. ஹாஜிகளின் கப்பல்களை எங்கே தடுத்து நிறுத்துவது என்பது அதன் முக்கிய கேள்விகளில் ஒன்றாக இருந்தது. அதன் தொடர்ச்சியாக 1882இல் உஸ்மானிய அரசு, யமன் கரையோரத்திலுள்ள கமரான் தீவில் ஒரு தொற்றுத்தடுப்பு நிலையத்தை ஏற்படுத்தியது.

தெற்கிலிருந்து, அதாவது இந்தியா, இலங்கை, ஜாவா முதலிய பகுதிகளிலிருந்து வரும் ஹாஜிகள் ஜித்தாவை அடையுமுன் அங்கே இறங்க வேண்டும். உடுப்புகளும் மூட்டை முடிச்சுகளும் கிருமிநீக்கம் செய்யப்படும். குறித்த நாட்கள் வெயிலில் தங்க வேண்டும். அதற்குக் கட்டணமும் அறவிடப்பட்டது. 1915இல் தீவு பிரித்தானியர் கைக்கு மாறிய பின்பும் நிலையம் தொடர்ந்து இயங்கியது. ஹாஜிகள் மீதான இந்தச் சர்வதேசக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது 1956 அளவில், ஜித்தாவில் சவூதி அரசு தன் சொந்தத் தொற்றுத்தடுப்பு நிலையத்தை அமைத்த பின்னரே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாந்திபேதி உண்மையான நோய். அதைத் தடுக்க வேண்டியதும் உண்மை. நிலையம் அமைத்ததில் பிழை காண முடியாது. ஆனால் அதன் நோக்கம் ஹாஜியைக் குணப்படுத்துவதல்ல. ஹாஜியிடமிருந்து துறைமுகத்தைக் காப்பாற்றுவது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவோம்.

மண்டபம்: தொழிலாளியின் உடம்பு

இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கி வடக்குப் பாதை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் அம்மையாலும் அந்தப் பாதையில் விழுந்தவர்கள் அநேகர். 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இக்காலத்தில்தான் பிறந்தது. பம்பாயில் அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய கொள்ளைநோய் ஆசியத் துறைமுகங்களை எல்லாம் நடுங்க வைத்திருந்தது.

தொழிலாளர் வரும் வழியும் மாற்றப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம் அமைந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கிய பின்னர் மண்டபம் முகாம் முக்கிய இடமாகியது. வேடிக்கை என்னவென்றால், அந்த முகாம் இருந்தது இந்திய மண்ணில்; நடத்தியதோ இலங்கை அரசு. இலங்கைக்குள் கால் வைக்கு முன்பே இலங்கையின் வைத்தியர் உடம்பைப் பார்த்துவிடுவார். அங்கே சில நாட்கள் தங்கவைத்து, உடுப்புகளை அவித்து, அம்மைப்பால் குத்தி, நோய்க்குறி இல்லை என்று கண்ட பின்பே கப்பலுக்கு அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பும் முறையும் அக்காலத்தில் இருந்தது.

தோட்டத் தொழிலாளர் மட்டும் அந்த வழியால் வரவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி முதலிய ஊர்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வந்த நம் சமூகத்தவரும் அந்தக் கரையையே கடந்தனர். மூன்றாம் வகுப்பில் வந்த கடைச் சிப்பந்திக்கும் தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்கும் மண்டபத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வித்தியாசம் டிக்கட்டின் வகுப்பில் இருந்தது. நோய்க்கு வகுப்பு தெரியாது, சோதனைக்குத் தெரியும்.

அதே மண்டபம் பின்னர் எதிர்த்திசையிலும் மனிதரைக் கண்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகத்தவர் அங்கே தங்கவைக்கப்பட்டனர். யுத்த காலத்தில் அகதிகளும் அங்கேதான் தங்கினர். இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயரில் 'கேம்ப்' ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

'மெடிக்கல்' என்ற சொல் ஊருக்குள் வந்தது

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளில் கட்டடங்களும் வீடுகளும் பெருகின. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. இவ்விரண்டும் சேர்ந்தபோது நம் ஊர்களின் கதவு திறந்தது. முதலில் ஆண்கள் சாரதியாகவும் கூலியாகவும் போனார்கள். எண்பதுகளில் பெண்கள் வீட்டுப் பணிக்குப் போகத் தொடங்கினார்கள். மூதூர், கிண்ணியா, ஏறாவூர், சம்மாந்துறை, பொத்துவில் என்று கிழக்கின் எந்த முஸ்லிம் ஊரும் இதற்கு விலக்கல்ல. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது.

இதனுடன் நம் பேச்சுத் தமிழுக்குள் சில சொற்கள் வந்து சேர்ந்தன. ஏஜென்சி, சப் ஏஜென்ட், விசா, டிக்கட், மெடிக்கல், பிட், அன்பிட். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாமார்கூட இவற்றைச் சரியாக உச்சரிப்பார்கள். 'பிட்' என்றால் வாழ்வு. 'அன்பிட்' என்றால் ஊர்வாய்.

சோதனையின் பட்டியலும் காலத்தோடு நீண்டது. மார்பு எக்ஸ்ரே காசநோய்க்கு. குருதிச் சோதனை கிரந்தி நோய்க்கும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பீ, சீ கிருமிகளுக்கும். 1985இல் எச்.ஐ.வி.யைக் கண்டறியும் குருதிச் சோதனை உலகில் பாவனைக்கு வந்த பின் அதுவும் சேர்ந்தது. சிறுநீர், மலம், சீனி, சிறுநீரகம், ஈரல், கண் பார்வை, தோல். மலேரியாவுக்கும் யானைக்கால் நோய்க்கும் கூடப் படிவத்தில் இடமிருந்தது. இவ்விரு நோய்களையும் ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை 2016இல் பெற்றது. பெண்களுக்கு மேலதிகமாகக் கர்ப்பப் பரிசோதனை. பின்னர் வளைகுடாவின் ஆறு நாடுகளும் ஏற்றுக்கொண்ட நிலையங்கள் மட்டுமே சோதனை செய்யலாம் என்ற ஒழுங்கு வந்தது. 'கம்கா' என்று நம்மவர் சொல்வது அதைத்தான். இப்போது 'வாஃபித்' என்ற பெயரில் இணைய வழியாகப் பதிவு நடக்கின்றது. அங்கே போய் இறங்கிய பிறகும் வதிவிட அனுமதிக்காக மீண்டும் ஒரு சோதனை. அதில் தவறினால் வந்த வழியே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

சாச்சியின் எக்ஸ்ரே

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் சின்னப் பிள்ளை. என் உம்மாவின் தங்கை சவூதிக்குப் போக ஆயத்தமானார். அந்த ஆயத்தம் ஒரு கல்யாண வீட்டு ஆயத்தத்தைப் போல இருந்தது. ஒரு கிழமைக்கு முன்பிருந்தே முருங்கைக்கீரை, ஈரல், செவ்விளநீர். ரத்தம் ஊற வேண்டுமாம். பக்கத்து வீட்டு ராத்தா வந்து, "பாலக் குடிச்சிட்டுப் போ புள்ள, நெஞ்சு வெள்ளையா விழும்" என்றார். சாச்சியும் போகும் நாள் வரை பால் குடித்தார்.

எக்ஸ்ரே படத்தில் காற்று நிறைந்த நல்ல நுரையீரல் கறுப்பாகத்தான் விழும் என்பதும், நோயும் தழும்புமே வெள்ளையாக விழும் என்பதும் எனக்குப் பல வருடங்களின் பின்னரே தெரிந்தது. அந்த ராத்தாவைப் பற்றி இன்று சிரிக்க எனக்கு மனமில்லை. வெள்ளை என்றால் சுத்தம் என்று நம்பிய ஒரு சமூகத்திடம், உள்ளே என்ன பார்க்கிறார்கள் என்று ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

சாச்சி திரும்பி வந்தார். 'அன்பிட்'. காரணம்? "என்னத்துக்கெண்டு ஒருத்தரும் செல்லல்ல. ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டத் தந்து போகச் சொன்னான்" என்றார். அவ்வளவுதான். காரணம் தெரியாத இடத்தை ஊர் நிரப்பிவிட்டது. காசநோய் என்றார்கள் சிலர். அதைவிட மோசமான பெயர்களைச் சொன்னவர்களும் உண்டு. அவர் குடித்த கோப்பையைத் தனியாக வைத்த வீடுகளை நான் அறிவேன். அவருடைய மகளுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று, காரணம் சொல்லப்படாமலே நின்றது. அதற்கும் 'அன்பிட்'தான் காரணம் என்று சாச்சி சாகும்வரை நம்பினார்.

பத்து வருடங்களுக்கு மேல் கழிந்தபின், வேறொரு வருத்தத்துக்காக அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றபோது எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியும் சோதித்தார்கள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது எப்பவோ சின்ன வயசில வந்து தானா ஆறின தழும்பு. இப்ப நோயுமில்ல, ஆருக்கும் தொத்தவும் மாட்டாது" என்றார். சாச்சி அந்தப் படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஆனால் யாரிடம் காட்டுவது? பேசியவர்கள் மறந்துவிட்டிருந்தார்கள். அவர் மட்டும் மறக்கவில்லை.

இந்த அனுபவம் அவருக்கு மட்டும் உரியதல்ல. ஆறிய தழும்பு எக்ஸ்ரேயில் ஆயுள் முழுவதும் தெரியக்கூடியது. நோய் இல்லாதவரையும் அந்தத் தழும்புக்காக வளைகுடா நாடுகள் நிராகரிப்பதுண்டு. அது வேலை தருபவரின் விதி. நோயாளி என்ற தீர்ப்பல்ல. இவ்விரண்டையும் ஒன்றென்று நினைத்ததே ஊரின் பிழை. இரண்டும் வேறு என்று சொல்லாமல் விட்டது அந்த நிலையத்தின் பிழை.

கடதாசியில் ஓர் உடம்பு

சான்றிதழ் என்பது உடம்பைக் கடதாசியாக்கும் வேலை. கடதாசி பொய் சொன்னால் உடம்புதான் விலை கொடுக்கிறது. மூதூரின் ரிஸானா நபீக்கை நாம் மறக்க முடியாது. பிறந்தது 1988இல்; கடவுச்சீட்டில் இருந்ததோ 1982. 2005இல் சவூதி போகும்போது பதினேழு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையை எத்தனையோ கடதாசிகள் வளர்ந்த பெண் என்று வழியனுப்பி வைத்தன. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னரே வயதெல்லையும், சிறு பிள்ளைகளுள்ள தாய்மாருக்கான குடும்பப் பின்னணி அறிக்கையும் இறுக்கமாயின.

மற்றொரு பக்கமும் உண்டு. 1897ஆம் ஆண்டின் அந்தப் பழைய கட்டளைச் சட்டம் செத்துவிடவில்லை. 2020 ஏப்ரலில் அதன் கீழ் வெளியிடப்பட்ட வர்த்தமானி அறிவித்தலே கொவிட் நோயால் இறந்த ஜனாஸாக்களை எரிக்க வேண்டுமெனக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியபோது நம்மில் அழாதவர் யார்? சுகாதாரம் என்ற சொல் நியாயமான சொல். அந்தச் சொல்லின் பெயரால் காரணம் கேட்க விடாமல் செய்யும்போதுதான் அநியாயம் நுழைகிறது. கமரான், மண்டபம், மெடிக்கல், மஜ்மா நகர் நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் நான்கிலும் சோதிக்கப்பட்டவனுக்கு விளக்கம் சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

நான் எழுதிக் கொடுத்த பட்டியல்

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். சரித்திரக் கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நாளைய சரித்திரகாரருக்கு இதுவும் ஆவணம்தான்.

முதலாவது, அசல் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, படங்கள், பதிவுச் சீட்டு. பெயரும் பிறந்த திகதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்க்க வேண்டும். இரண்டாவது, வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதை நிலையத்திடமே முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஏஜென்ட் சொல்வதை நம்பித் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரவு பஸ்ஸில் போய், வரிசையில் மயங்கி விழுந்த பெண்கள் உண்டு. மூன்றாவது, மாதவிடாய் நாட்களில் சிறுநீரில் இரத்தம் கலந்து முடிவு குழம்பலாம். ஆகவே திகதியை அதற்கேற்ப எடுக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடக்கூடாது.

நான்காவது மிக முக்கியம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் எக்ஸ்ரேக்கு முன்பு சொல்ல வேண்டும். போகும் ஆசையில் மறைத்தால் பாதிக்கப்படுவது வயிற்றுப் பிள்ளை. ஐந்தாவது, எக்ஸ்ரேக்கு மாலை, ஊசி, உலோகப் பொத்தான் எதுவும் வேண்டாம். இலகுவான பருத்தி உடுப்பு போதும். பெண் ஊழியர் வேண்டுமென்று கேட்பது உரிமை, கேட்பதில் குற்றமில்லை. ஆறாவது, குடிக்கும் மருந்துகளின் துண்டையும் பழைய நோய்க் குறிப்புகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்திருந்தால், சிகிச்சை முடிந்ததற்கான குறிப்பை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் வாங்கி வைக்க வேண்டும். அது 'பிட்'டைப் பெற்றுத் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் ஓர் உண்மை இருக்கும். ஏழாவது, இன்னொருவரின் சிறுநீரைக் கொடுப்பது, காசு கொடுத்து 'பிட்' எடுப்பது போன்ற வழிகளைக் காட்டுபவர்களிடமிருந்து விலக வேண்டும். அங்கே போய் இறங்கியபின் இரண்டாவது சோதனை காத்திருக்கிறது. அப்போது கடன் மிஞ்சும். ஏஜென்ட் மிஞ்ச மாட்டான்.

எட்டாவதாக, தடித்த எழுத்தில் எழுதினேன்: அன்பிட் என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேள். அறிக்கையுடன் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ. காசநோயாக இருந்தாலும் மருந்து இலவசம். பெரும்பாலும் ஆறு மாதத்தில் சுகமாகிவிடும். அந்தக் கடதாசி ஏஜென்ட்டின் சொத்தல்ல, ஊரின் சொத்துமல்ல. உன்னுடையது.

அவள் வாசித்துவிட்டு, "எட்டாவது ஏன் டீச்சர் இவ்வளவு பெரிசா?" என்று கேட்டாள். சாச்சியின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பட்டியலை மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

முடிவாக

அவளுக்கு 'பிட்' கிடைத்ததா என்று வாசகர் கேட்கக்கூடும். அதை நான் இங்கு எழுதப் போவதில்லை. அது அவளுடைய உடம்பின் செய்தி. இந்தச் சஞ்சிகையின் செய்தியல்ல. நூற்றைம்பது வருடச் சரித்திரத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றையாவது கடைப்பிடிக்க வேண்டும்.

சாச்சியின் எக்ஸ்ரே இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில், உம்மாவின் பழைய சாரிகளுக்கு அடியில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்புகளுக்கு நடுவே, வலது பக்கம் மேலே, நகத்தளவு ஒரு வெள்ளை தெரியும். அவ்வளவுதான் அது. அந்த நகத்தளவு வெள்ளைக்காக ஒரு பெண்ணின் பாதி வாழ்வை நாம் எடுத்துக்கொண்டோம். நம் ஊர்களின் வீடுகளில் இப்படி இன்னும் எத்தனை படங்கள் கிடக்கின்றனவோ! அவற்றைச் சேகரிப்பதும், அவற்றுக்குரிய பெண்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் விரும்பினால், வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்வதும் நம் ஆய்வாளர்கள் முன்னாலுள்ள பணியாகும். மண்டபத்து முகாமின் பதிவேடுகளில் கங்காணிகளின் கணக்கும் வைத்தியர்களின் கணக்கும் இருக்கின்றன. வரிசையில் நின்றவர்கள் சொன்னது அவற்றில் இல்லை. நம் உம்மாமாரின் காலத்திலும் அப்படி ஆகிவிடக்கூடாது.